எந்த இலை, எந்த வேர், எவ்வளவு?

ஐரோப்பிய மருந்தியல் நூல்களில் ஒரு தமிழ் ஊரின் பெயர் நெடுங்காலமாக நிலைத்திருக்கிறது. ‘டின்னவெல்லி சென்னா’ என்று அவை குறிப்பது, நம் நாட்டு மருந்துக் கடைகளில் நிலாவாரை என்று கேட்டால் எடுத்துத் தரும் இலையையும் காயையும்தான். திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து வானம் பார்த்த பூமியில் சுமார் இருநூறு ஆண்டுகளாக இது பயிராகிறது. தூத்துக்குடித் துறைமுகம் வழியாகக் கப்பலேறுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் செடியாகவே இடம்பெற்ற மிகச் சிலவற்றில் இதுவும் ஒன்று. இத்தனைக்கும் நிலாவாரை தமிழ்நாட்டில் பிறந்த செடி இல்லை. செங்கடலின் இரு கரைகளிலும், அரபு நாட்டிலும் வடகிழக்கு ஆப்பிரிக்காவிலும், தானாக வளர்வது. அதன் பேதிக் குணத்தை விரிவாக எழுதி வைத்தவர்கள் அரபு மருத்துவர்கள்.

அந்தக் குணம் வெளிப்படும் விதமும் கவனிக்கத்தக்கது. இலையில் இருக்கும் சென்னோசைடு என்ற பொருள் வயிற்றில் எதுவும் செய்வதில்லை. பெருங்குடல் வரை அப்படியே போய்ச் சேர்கிறது. அங்கே குடியிருக்கும் நுண்ணுயிரிகள் அதை உடைத்த பிறகுதான் குடல் அசைவு கூடுகிறது. இரவு படுக்கும்முன் சாப்பிட்டால் காலையில் வேலை செய்வது இதனால்தான்.

மூலிகை பற்றிய நம் பேச்சில் மூன்று கேள்விகள் பின்னிக் கிடக்கின்றன. அந்தச் செடி எங்கே பிறந்தது, அதில் என்ன சத்து இருக்கிறது, அது எந்த நோயைத் தீர்க்கும் என்பவை அவை. நம் மண்ணில் பிறந்தது என்றால் நமக்கு ஒத்துக்கொள்ளும் என்கிறோம். சத்து நிறைந்தது என்றால் நோய் தீரும் என்கிறோம். மூலிகை என்றால் எவ்வளவு சாப்பிட்டாலும் கெடுதல் இல்லை என்கிறோம். மூன்றுமே தனித்தனிக் கேள்விகள். ஒன்றின் விடை மற்றொன்றுக்குச் சாட்சியாகாது.

பிறந்த இடம்

வேலியோரத்திலும் கல்லறைத் தோட்டங்களிலும் ஆண்டு முழுவதும் பூத்துக் கிடக்கும் நித்தியகல்யாணியைச் சுடுகாட்டு மல்லி என்றே ஊர்ப்புறத்தில் சொல்வார்கள். அதன் தாய்மண் மடகாஸ்கர் தீவு. உலகின் பல மூலைகளிலும் அதை நீரிழிவுக்குக் கஷாயமாகக் குடித்து வந்தார்கள். 1950-களில் கனடாவின் மேற்கு ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிளும் சார்லஸ் பியரும் அந்த நீரிழிவுக் குணத்தைத் தேடித்தான் ஆய்வைத் தொடங்கினர். சர்க்கரை குறையவில்லை. எலிகளின் ரத்தத்தில் வெள்ளையணுக்கள் குறைந்தன. அந்த எதிர்பாராத முடிவைப் பிடித்துக்கொண்டு போனதில் வின்பிளாஸ்டின் கிடைத்தது. பின்னர் அமெரிக்க மருந்து நிறுவனமொன்றின் ஆய்வுக்கூடத்தில் வின்கிறிஸ்டினும் பிரிக்கப்பட்டது. குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இன்றும் வின்கிறிஸ்டின் இன்றியமையாதது. ஒரு கிராம் மருந்து எடுக்கப் பல நூறு கிலோ உலர்ந்த இலை வேண்டும் என்பதால், தமிழ்நாட்டின் தென் மாவட்டங்களில் இதை ஏற்றுமதிக்காகவே பயிரிட்டார்கள்.

மஞ்சள்காமாலை என்றதும் கை தானாகத் தேடும் கீழாநெல்லியின் பிறப்பிடமும் வெப்பமண்டல அமெரிக்காவே என்பது தாவரவியலாளர் பலரின் முடிவு. டெங்குக் காலத்தில் சாறு பிழியப்படும் பப்பாளி இலை, ஐரோப்பியக் கப்பல்கள் வந்த பிறகு அமெரிக்காவிலிருந்து வந்து சேர்ந்தது. நாம் தெற்கத்திச் செடி என்றே நம்பும் முருங்கை, வடமேற்கு இந்தியாவில் இமயமலை அடிவாரத்துக் காடுகளிலிருந்து இறங்கி வந்தது.

மஞ்சளின் கதை வேறு மாதிரி. அது தெற்காசியாவின் சொந்தச் செடிதான். ஆனால் விதை கட்டாது. கிழங்கை எடுத்து மறுபடி நட்டால்தான் வம்சம் வளரும். ஆகவே ஒவ்வொரு மஞ்சள் செடியும் யாரோ ஒருவர் கையால் மண்ணில் வைத்ததன் தொடர்ச்சி. ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக இடைவெளி விடாமல் உழவர்கள் நட்டு வந்ததால் மட்டுமே மஞ்சள் இன்று இருக்கிறது. 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததைவிடப் பெரிய மரியாதை இந்தத் தொடர்ச்சியில் இருப்பதாகவே நினைக்கிறேன்.

ஆக, நம் மூலிகை என்று உரிமை கொண்டாடுவதற்குச் செடியின் பிறப்புச் சான்றிதழ் தேவையில்லை. அதை அடையாளம் கண்டு, பதம் பார்த்து, குறித்து வைத்த அறிவே நம்முடையது.

அந்த அறிவு எவ்வளவு பரவலாக இருந்தது என்பதற்கு நூற்பெயர்களே சாட்சி. பதினெண்கீழ்க்கணக்கில் மூன்று நூல்கள் மருந்துக் கூட்டுகளின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. சுக்கு, மிளகு, திப்பிலி சேர்ந்த திரிகடுகம். ஐந்து வேர்கள் சேர்ந்த சிறுபஞ்சமூலம். ஏலம் முதலான சரக்குகள் சேர்ந்த ஏலாதி. அறம் சொல்ல வந்த புலவர்கள் மருந்தின் பெயரைத் தலைப்பாக வைத்தார்கள் என்றால், படிப்பவர் வீட்டு அஞ்சறைப் பெட்டியிலும் அந்தச் சரக்கு இருந்திருக்க வேண்டும். சித்தர் பெயரால் வழங்கும் வைத்தியப் பாடல்கள் பலவற்றின் மொழிநடை பிற்காலத்தது. அவற்றின் காலத்தைப் பின்னுக்குத் தள்ளிக்கொண்டே போவதில் எனக்கு ஆர்வமில்லை. கேரளக் கரையில் இட்டி அச்சுதன் என்ற வைத்தியரின் ஏட்டறிவையும் நினைவையும் ஆதாரமாகக் கொண்டு, வான் ரீட் என்ற டச்சு ஆளுநர் 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வெளிக்கொண்டுவந்த ‘ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ்’ இன்று உலகத் தாவரவியலின் அடிப்படை நூல்களில் ஒன்று. சென்னையில் மருத்துவராக இருந்த வைட்லா ஐன்ஸ்லி, தாம் தொகுத்த இந்திய மருந்துச் சரக்கு நூலில் தமிழ்ப் பெயர்களையும் சேர்த்தே பதிவு செய்தார். வைத்தியர்களின் வாய்மொழி இல்லாமல் இந்த நூல்கள் எழுதப்பட்டிருக்க முடியாது.

சத்துக் கணக்கு

முருங்கைக்கீரையை எடுத்துக்கொள்வோம். இன்று உலகெங்கும் பொடியாகவும் மாத்திரையாகவும் விற்கப்படுவது இதுதான். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி 1989-இல் வெளியிட்ட பி.கே.எம்.-1 என்ற செடிமுருங்கை, நட்ட ஆறேழு மாதத்தில் காய்க்கத் தொடங்கி, முருங்கையைத் தோட்டப் பயிராகவே மாற்றிவிட்டது.

ஹைதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-இல் வெளியிட்ட இந்திய உணவு அட்டவணைப்படி 100 கிராம் பச்சை முருங்கைக்கீரையில் 6 கிராமுக்குச் சற்று மேல் புரதம், 300 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், நாலரை மில்லிகிராம் அளவு இரும்பு, 100 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி இருக்கின்றன. பீட்டா கரோட்டினும் ஏராளம். ஒரு கீரைக்கு இவை மிக நல்ல எண்கள். ஆனால் நாம் சாப்பிடும் அளவுக்கு இதைப் பெருக்கிப் பார்க்க வேண்டும். ஒரு வேளைப் பொரியலில் ஒருவர் பங்குக்கு 50 கிராம் கீரை வந்தால் 150 மில்லிகிராம் கால்சியமும் இரண்டே கால் மில்லிகிராம் இரும்பும் கிடைக்கும். வளர்ந்த ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்கிறது அதே நிறுவனத்தின் 2020 பரிந்துரை. இரும்பு, பெண்களுக்கு 29 மில்லிகிராம், ஆண்களுக்கு 19. ஒரு வேளைக் கீரை தருவது கால்சியத் தேவையில் ஏழில் ஒரு பங்கு, பெண்களின் இரும்புத் தேவையில் பதின்மூன்றில் ஒரு பங்கு. கீரையின் இரும்பில் உடல் உறிஞ்சுவது சிறு பகுதியே. எலுமிச்சையோ நெல்லியோ கூட இருந்தால் உறிஞ்சுவது கூடும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் குறையும். வாரத்தில் மூன்று நாள் முருங்கைக்கீரை சமைக்கும் வீடு நல்ல வீடு. ஆனால் ரத்தசோகை முற்றிய கர்ப்பிணிக்கு ஆரம்ப சுகாதார நிலையம் தரும் இரும்பு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கீரையை மட்டும் கொடுப்பது அவளுக்குச் செய்யும் தீங்கு.

பொடியின் கணக்கு இன்னும் எளிது. பச்சைக் கீரையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். ஒரு தேக்கரண்டி, அதாவது 5 கிராம் பொடி என்பது ஏறக்குறைய 20 கிராம் பச்சைக் கீரைக்குச் சமம். உலர்த்தும்போது வைட்டமின் சி பெரும்பகுதி போய்விடும். கொல்லையில் மரம் நிற்கும்போது விலை கொடுத்துப் பொடி வாங்குவதற்கு எனக்குக் காரணம் தெரியவில்லை.

நெல்லிக்காய் இன்னொரு பாடம் சொல்கிறது. நம் நாட்டின் பழைய அட்டவணைகளில் 100 கிராம் நெல்லியில் 600 மில்லிகிராம் வைட்டமின் சி என்று இருந்தது. 2017 அட்டவணையில் அது 252 ஆகியிருக்கிறது. இதனால் நெல்லியின் பெருமை குறைந்துவிடாது; அப்போதும் வளர்ந்தவரின் ஒரு நாள் தேவைக்கு இரண்டு காய் தாராளம். காயின் ரகம், பறித்த பருவம், அளக்கும் முறை எல்லாம் எண்ணை மாற்றும். நெல்லியில் மிகுந்திருக்கும் துவர்ப்புப் பொருள்கள் பழைய அளவை முறைகளில் வைட்டமின் சி போலவே தோற்றம் காட்டக்கூடியவை. பழைய 600 இன்றும் ஊறுகாய்ப் புட்டி முதல் பாடப்புத்தகம் வரை எங்கும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஓர் எண்ணை அச்சிடும்போது அது எந்த ஆண்டின் எண் என்று பார்ப்பது எழுதுகிறவர்களின் கடமை.

பிரண்டையைச் சமைத்தவர்களுக்கு அதன் குணம் விரல் நுனியில் தெரியும். நான்கு பட்டைத் தண்டின் ஓரங்களில் ஓடும் நாரை உரிப்பதற்கு முன் கையில் நல்லெண்ணெய் தடவிக்கொள்ள வேண்டும். மறந்தால் அரை மணி நேரம் அரிப்பு அடங்காது. தண்டுக்குள் ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் தோலில் குத்துவதால் வரும் அரிப்பு அது. துண்டுகளை நல்லெண்ணெயில் நிறம் மாறும்வரை வதக்கி, புளி சேர்த்து அரைத்தால்தான் நாக்கு தப்பும். கால்சியம் நிறைந்ததால் எலும்புக்கு நல்லது என்று பிரண்டையைச் சொல்கிறோம். அதிலுள்ள கால்சியத்தில் ஒரு பகுதி இந்த ஆக்சலேட்டாகவே கட்டுண்டு கிடப்பதால் உடலுக்கு எளிதில் கிட்டாது. 1960-களில் பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் உடுப்பாவும் அவருடன் பணியாற்றியவர்களும் விலங்குகளில் எலும்பு முறிவு கூடுவதைப் பிரண்டை விரைவுபடுத்துவதாகக் கண்டார்கள். அது உண்மையென்றால் காரணம் தண்டிலுள்ள வேறு பொருள்களாக இருக்க வேண்டும். சத்தும் மருந்தும் வெவ்வேறு என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மஞ்சளிலும் அப்படித்தான். அதன் எடையில் 2 முதல் 5 சதவீதம் குர்க்குமின். நாலு பேருக்கு வைக்கும் குழம்பில் ஒன்றரை கிராம் மஞ்சள்தூள் போட்டால், ஒருவர் தட்டில் விழும் குர்க்குமின் 10, 12 மில்லிகிராம். ஆய்வுகளில் தரப்படுவதோ நூற்றுக்கணக்கான, ஏன் ஆயிரக்கணக்கான மில்லிகிராம். அதிலும் பெரும்பகுதி ரத்தத்தில் சேராமலே வெளியேறிவிடும். பெங்களூரு புனித ஜான் மருத்துவக் கல்லூரியில் நடந்து 1998-இல் வெளிவந்த ஆய்வில், 2 கிராம் குர்க்குமினோடு மிளகிலுள்ள பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது ரத்தத்தில் சேரும் அளவு 20 மடங்கு கூடியது. மிளகைத் துணைச்சரக்காகச் சேர்த்த பழைய கூட்டுகளுக்கு இது ஒரு விளக்கமாக இருக்கலாம். ஆனால் இதே வழியில் செறிவூட்டிய குர்க்குமின் மாத்திரைகளைச் சாப்பிட்டவர்களில் சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டதை இத்தாலியிலும் அமெரிக்காவிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். குழம்பு மஞ்சளுக்கு இந்தப் பழி இல்லை. செறிவு மாறியதும் பொருளே வேறாகிவிடுகிறது.

சோதனைக்கு உள்ளானவை

கீழாநெல்லியைப் பற்றி உலகம் கவனித்த ஆய்வு சென்னையில் நடந்தது. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜனும், ஹெபடைடிஸ் பி கிருமியைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற பரூக் பிளம்பர்க்கும் இணைந்து செய்தது. நாள்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்று உள்ளவர்களுக்கு வேர் நீக்கிய கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள். 1988-இல் ‘லான்செட்’ இதழில் வந்த முடிவின்படி, பொடி சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் கிருமியின் அடையாளம் மறைந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. எவரையும் நிமிர்ந்து உட்கார வைக்கும் முடிவு.

தொடர்ந்து தாய்லாந்து உள்ளிட்ட பிற நாடுகளில் அதே பலன் வரவில்லை. பின்னாளில் ஆய்வுகளையெல்லாம் தொகுத்துப் பார்த்தவர்களும் உறுதியான சான்று இல்லை என்றே சொன்னார்கள். இதற்குப் பல காரணங்கள் பேசப்பட்டன. ஒன்று, செடியின் அடையாளம். கீழாநெல்லி என்று நாம் பறிக்கும் செடிக்கு அச்சாக ஒத்த தங்கச்சிமார்கள் நாலைந்து உண்டு. இலைக்கடியில் வரிசையாகக் காய் தொங்குவது எல்லாவற்றுக்கும் பொது. காம்பின் நீளம், காயின் மேற்பரப்பு, விதையின் வரிகள் ஆகியவற்றைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். வளர்ந்த மண்ணும் பறித்த பருவமும்கூடச் சரக்கை மாற்றும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஹெபடைடிஸ் ஏ கிருமியால் வரும் சாதாரணக் காமாலை, பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே இறங்கிவிடும். அந்த வாரங்களில் எதைக் கொடுத்தாலும் அதுவே குணமாக்கியதாகத் தோன்றும். ‘எங்க பாட்டி கொடுத்துச் சரியாச்சு’ என்ற சாட்சியத்தில் பொய் இல்லை. ஆனால் பித்தநாளக் கல்லாலோ கட்டியாலோ வந்த காமாலைக்கும் அதே சாட்சியத்தை நம்பி ஒரு மாதம் காத்திருந்தால் உயிர் போகும். எந்தக் காமாலை என்று ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் பார்த்துத் தெரிந்துகொண்ட பிறகு கீழாநெல்லியை அரைப்பதில் தவறில்லை.

இதற்கு நேர்மாறாகச் சர்ப்பகந்தா சோதனையில் தேறியது. 1931-இல் கல்கத்தாவின் கணநாத் சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அதன் வேர் ரத்த அழுத்தத்தைக் குறைப்பதை எழுதினர். அதே காலத்தில் சலிமுஸ்ஸமான் சித்திகி வேரிலிருந்து அஜ்மலின் முதலான பொருள்களைப் பிரித்தார். 1949-இல் பம்பாய் இதயநோய் மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் தம் நோயாளிகளிடம் கண்ட பலனை பிரிட்டிஷ் இதழொன்றில் வெளியிட்டபோதுதான் மேலை மருத்துவம் திரும்பிப் பார்த்தது. மூன்றே ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் ரெசர்பின் பிரிக்கப்பட்டது. அந்த மருந்து ஆயிரமாயிரம் பேரைக் காப்பாற்றியது. சிலரை ஆழ்ந்த மனச்சோர்வில் தள்ளவும் செய்தது. அதனால் நாளடைவில் பின்வரிசைக்குப் போனது. செடி மட்டும் காடுகளில் அருகிப்போய், இன்று அதன் உலக வணிகம் கட்டுப்பாட்டுக்குள் இருக்கிறது.

ஆடாதோடை சத்தமில்லாமல் நம் வீட்டு மருந்துப் பெட்டியில் நுழைந்துவிட்டது. அதன் இலையிலுள்ள வாசிசின் என்ற பொருளை மாதிரியாக வைத்துத்தான் சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் உருவாக்கப்பட்டது. இருமல் மருந்துப் புட்டிகள் பலவற்றில் அந்தப் பெயரையோ அதன் வழிவந்த ஆம்புராக்சால் என்ற பெயரையோ பார்க்கலாம்.

சிறுகுறிஞ்சானின் வேலையை யாரும் நாக்கிலேயே சோதிக்கலாம். ஓர் இலையை மென்று துப்பிவிட்டு ஒரு கரண்டிச் சர்க்கரையை வாயில் போட்டால் மணலை மெல்வதுபோல இருக்கும். இனிப்பை உணரும் அரும்புகளை அதிலுள்ள ஜிம்னெமிக் அமிலம் சிறிது நேரம் மறைத்துவிடுகிறது. சர்க்கரைக்கொல்லி என்ற பெயர் இந்த அனுபவத்தால் வந்திருக்கும். நாக்கில் இனிப்பு மறைவதும் ரத்தத்தில் சர்க்கரை குறைவதும் ஒன்றில்லை. ரத்தச் சர்க்கரையை ஓரளவு குறைப்பதாகச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. அது உண்மையானால், ஏற்கெனவே மாத்திரை எடுப்பவர் மருத்துவரிடம் சொல்லாமல் இதையும் சேர்த்துக்கொண்டால் சர்க்கரை திடீரென்று தாழ்ந்து மயங்கி விழும் ஆபத்தும் உண்மையாகிறது.

2012 டெங்குப் பரவலில் தமிழக அரசு நிலவேம்புக் குடிநீரை மக்களுக்கு வழங்கியது. அதில் நிலவேம்போடு வெட்டிவேர், விலாமிச்சு வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்பாடகம் என ஒன்பது சரக்கு உண்டு. நிலவேம்பை மட்டும் கொதிக்க வைத்துக் குடித்துவிட்டு நிலவேம்புக் குடிநீர் குடித்ததாகச் சொல்வது சரியாகாது. சாதாரணச் சளி, தொண்டை வலிக்கு நிலவேம்பு ஓரளவு உதவுவதாக வெளிநாட்டு ஆய்வுகளும் உண்டு. அபூர்வமாகக் கடும் ஒவ்வாமை வருவதாக ஆஸ்திரேலிய அரசு எச்சரித்ததும் உண்டு. டெங்குவில் உயிரைக் காப்பது உடலில் நீர்ச்சத்து குறையாமல் பார்ப்பதும், காய்ச்சல் இறங்கும் நாள்களில் கண்காணிப்பதும். குடிநீர் அதற்குத் துணை நிற்கலாம், அதன் இடத்தில் நிற்க முடியாது.

மரபு மருத்துவத்துக்குள்ளேயே இந்த நுட்பம் எல்லாம் இருக்கிறது என்பதைத்தான் நாம் மறந்துவிட்டோம். சுக்கின் மேல்தோலைச் சீவ வேண்டும், கடுக்காயின் கொட்டையை நீக்க வேண்டும் என்பது வைத்தியர் வீட்டுச் சிறு பிள்ளைக்கும் தெரியும். குடிநீர் என்றால் எட்டில் ஒன்றாகச் சுண்ட வேண்டுமா, நான்கில் ஒன்றாகவா. சூரணம் என்றால் துணியில் சலித்து வஸ்திரகாயம் செய்ததா. அனுபானம் தேனா, நெய்யா, வெந்நீரா. எத்தனை நாள், என்ன பத்தியம் என்று ஒவ்வொன்றுக்கும் விதி உண்டு. சீனாவின் தூ யூயூ 1971-இல் பழைய நூலொன்றைப் புரட்டியபோது, மலேரியாவுக்கான செடியைக் கொதிக்க வைக்காமல் குளிர்ந்த நீரில் ஊற வைத்துப் பிழியச் சொன்ன குறிப்பைக் கவனித்தார். சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்ற எண்ணம் அதிலிருந்துதான் வந்தது. குறைந்த வெப்பத்தில் பிரித்தெடுத்த ஆர்ட்டிமிசினின் கோடிக்கணக்கானவர்களுக்குப் பயன்பட்டது. 2015-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. செய்முறையைக் கழற்றிவிட்டுச் செடியின் பெயரை மட்டும் கைபேசியில் அனுப்பிக்கொண்டிருக்கும் நாம், மரபைக் காப்பதாக நினைத்துக்கொண்டு அதன் பாதியை எறிகிறோம்.

நஞ்சு

தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தளைக் கொங்கு நாட்டு விவசாயிகள் கண்வலிக்கிழங்கு என்பார்கள். மூலனூர், தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் கம்பிப் பந்தலில் கொடியாக ஏற்றிப் பயிரிடுகிறார்கள். பூவின் சூல்தண்டு அடியிலேயே பக்கவாட்டில் முறிந்ததுபோல மடங்கி, மகரந்தப் பைகளை விட்டு விலகி நிற்கும். அதனால் தானாகக் காய்ப்பிடிப்பது குறைவு. காலை வெயில் ஏறும்முன் ஆட்கள் பந்தலுக்குள் நுழைந்து, ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் தொட்டு வைப்பார்கள். பூ பூவாக, நாள் தவறாமல் செய்யும் வேலை. காய் வெடித்தால் உள்ளே செக்கச் சிவந்த விதை. அதில் இருக்கும் கோல்ச்சிசின்தான் ஏற்றுமதிச் சரக்கு. மூட்டுகளில் யூரிக் அமிலம் படியும் கீல்வாதத்துக்கு உலகம் முழுதும் தரப்படும் மருந்து. 2023-இல் அமெரிக்க அரசு, இதயநோயாளிகளுக்கு மாரடைப்பு அபாயத்தைக் குறைக்கவும் அதை அனுமதித்தது. அந்த மாத்திரையின் அளவு அரை மில்லிகிராம். சில பத்து மில்லிகிராம் போனால் அதே பொருள் உயிரைப் பறிக்கும். வாந்தி பேதியில் தொடங்கி, எலும்பு மஜ்ஜை செயலிழந்து, தப்பிப் பிழைத்தாலும் முடி கொட்டிப்போகும். சமையல் கிழங்கென்று தவறுதலாக வேகவைத்துத் தின்று இறந்தவர்கள் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் உண்டு.

செங்காந்தள் நஞ்சு என்று ஊருக்குத் தெரியும். ஆடுதின்னாப்பாளை அப்படியல்ல. குடற்புழுவுக்கும் தோல் நோய்க்கும் நாட்டு மருந்துக் கடைகளில் பொடியாகவே கிடைக்கிறது. அந்தச் செடிக் குடும்பத்தில் பரவலாக அரிஸ்டலோக்கிக் அமிலம் இருக்கிறது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க மூலிகை மாத்திரை சாப்பிட்ட பெண்களுக்கு அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்தது. பாதிக்கப்பட்டவர்கள் நூறு பேருக்கு மேல். சீன மூலிகை ஒன்றுக்குப் பதிலாக, பெயர் ஒத்திருந்த இந்தக் குடும்பத்துச் செடி கலந்துவிட்டதே காரணம். அவர்களில் பலருக்குப் பின்னர் சிறுநீர்ப் பாதையில் புற்றுநோயும் வந்தது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற முதல் பிரிவில் வைத்திருக்கிறது. பாதிப்பு உடனே தெரியாது. ஆண்டுக்கணக்கில் மெல்ல வரும். எனவேதான் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்திய அனுபவத்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியவில்லை. வாந்தி, பேதி, மயக்கம் போன்ற உடனடிக் கெடுதல்களை மரபு அனுபவம் துல்லியமாகப் பிடித்துவிடும். இருபது ஆண்டு கழித்து வரும் புற்றுநோயைப் பிடிக்க ஆவணமும் கணக்கெடுப்பும் வேண்டும். பழமைக்கு நான் தரும் மதிப்பு இந்த இடத்தில் நின்றுவிடுகிறது.

காடும் கடையும்

தேசிய மருத்துவத் தாவர வாரியத்துக்காகத் தயாராகி 2017-இல் வெளிவந்த அறிக்கை, இந்தியாவில் 1178 தாவர இனங்கள் மருந்துச் சரக்காக வணிகத்தில் இருப்பதாகவும், அவற்றில் 242 இனங்கள் ஆண்டுக்கு 100 டன்னுக்கு மேல் விற்பனையாவதாகவும் கணக்கிட்டது. பயிரிடப்படுபவை குறைவு, பெரும்பாலானவை காட்டிலும் தரிசிலும் பறிக்கப்படுபவை. இலை பறித்தால் செடி மறுபடி துளிர்க்கும். வேரைத் தோண்டினால் அதோடு முடிந்தது.

மாகாளிக்கிழங்கு ஊறுகாயைத் தெரியாத தமிழ் வீடுகள் குறைவு. மேல்தோலைச் சீவி, நடுவிலுள்ள கட்டை நரம்பைக் களைந்து, சதையை மட்டும் துண்டாக்கி மோரில் ஊறப்போடுவார்கள். கிழங்கைக் கையில் எடுத்தாலே நன்னாரி மணம் தூக்கும். அந்த மணத்தாலேயே அதற்குக் கேடு. நன்னாரிக்குப் பதிலாக இதைத் தோண்டிச் சரக்குக்காரர்கள் கலக்கிறார்கள். ஜவ்வாது, கல்வராயன், சேர்வராயன் மலைகளிலும் ஆந்திரத்துக் குன்றுகளிலும் வளரும் இந்தக் கொடி இன்று அழியும் நிலையிலுள்ள இனங்களின் உலகப் பட்டியலில் இருக்கிறது. நன்னாரி சர்பத் குடிப்பவர் தம் கோப்பையில் இருப்பது எந்த வேர் என்று கேட்கும் நிலை வந்தால் மலைக்கும் நல்லது.

காட்டில் அந்தச் செடிகளை அறிந்தவர்கள் யார் என்ற கேள்வியும் இதோடு வருகிறது. 1987-இல் அகத்தியமலைக் காட்டில் ஆய்வாளர்கள் குழுவொன்று காணிப் பழங்குடி இளைஞர்களை வழிகாட்டிகளாகக் கொண்டு நடந்தது. ஆய்வாளர்கள் களைத்து உட்கார்ந்தபோதும் அந்த இளைஞர்கள் சிறு பழமொன்றைத் தின்றபடி சளைக்காமல் நடந்தார்கள். அந்தச் செடி ஆரோக்கியப்பச்சை. கேரளத்துப் பாலோட்டிலுள்ள வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிறுவனம் அதை வைத்து ‘ஜீவனி’ என்ற மருந்தை உருவாக்கி, 1995-இல் கோவை மருந்து நிறுவனம் ஒன்றுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு உரிமம் தந்தது. உரிமத் தொகையிலும் விற்பனைப் பங்கிலும் பாதி காணி மக்களுக்கு என்று முடிவானது. பழங்குடி அறிவுக்குப் பணமாகப் பங்கு கொடுத்த உலகின் முதல் ஏற்பாடுகளில் ஒன்று இது. அதில் குறைகள் உண்டு. எல்லாக் காணிக் குடியிருப்புகளையும் கேட்டுச் செய்ததில்லை என்ற வருத்தம் அவர்களிடமே எழுந்தது. செடியைப் பயிரிடவும் பறிக்கவும் வனத்துறையின் தடைகள் குறுக்கிட்டன. என்றாலும், மஞ்சளின் புண்ணாற்றும் குணத்துக்கு 1995-இல் மிசிசிப்பி பல்கலைக்கழகத்துக்கு அமெரிக்கா காப்புரிமை வழங்கி, நம் அறிவியல் தொழிலக ஆய்வு மன்றம் வழக்காடி 1997-இல் அதை நீக்க வேண்டியிருந்த அதே காலத்தில், காணிகளின் பங்கு எழுத்தில் ஏறியது சிறிய சாதனை இல்லை.

இனிச் செய்ய வேண்டியதில் பெரும்பகுதி கடைப் பொட்டலத்தின் மேலேயே முடியும். செடியின் தாவரவியல் பெயர், எந்த உறுப்பு, எந்த வட்டாரத்தில் எந்த மாதம் பறித்தது, பயிரிட்டதா காட்டுச் சரக்கா, ஒரு நாளைக்கு எவ்வளவு, கர்ப்பிணிகளும் சிறுநீரக நோயாளிகளும் சாப்பிடலாமா என்று ஏழெட்டு வரி அச்சிட வேண்டும். தாம்பரத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனமும் பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரியும் இருக்கும் மாநிலத்தில் இதை எழுதித் தர ஆட்களுக்குப் பஞ்சமில்லை. ஆடுதின்னாப்பாளைப் பொட்டலத்துக்கு மட்டும் அந்த ஏழெட்டு வரியும் வேண்டாம். அதைத் தட்டிலிருந்து இறக்க வேண்டும். அதற்கு இன்னோர் ஆய்வுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.